பிள்ளைக்கு இரண்டு பாத்திகள்

பிள்ளையைத் தோட்டத்தில் இறக்கினால் படிப்புக் கெடும் எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆயினும், விவசாயப் போதனாசிரியரின் வழிகாட்டலில் இயங்கும் இளம் விவசாயிகள் கழகம் பிள்ளையிடம் கூலிவேலை வாங்குவதன்று. எண்ணி, அளந்து, எழுதி அறியும் பழக்கத்தையே ஊட்டுவது. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்னும் பாடசாலை மேற்பார்வையாளர் இத்தகைய கழகமொன்றைத் தொடங்கினார். அங்கே சிறுவர் சிறுமியர் சோளம் பயிரிட்டனர், மண்ணையும் சோதித்தனர்.

சண்டிலிப்பாயில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். பெரும்போக விதைப்புக்கு முன் 100 நெல்மணிகளை ஈரச்சாக்கில் சுற்றிவைத்து, முளைத்தவற்றைப் பிள்ளை எண்ணட்டும். 85க்குக் குறைந்தால் அவ்விதையைப் பற்றித் தந்தையார் மீண்டும் சிந்திக்க வேண்டியிருக்கும்!

மாரி கழிந்தபின் கிணற்றருகே மிளகாய்க்கு இரண்டு பாத்திகளை ஒதுக்குக. ஒன்றில் வைக்கோல் பரப்பி, மற்றையதை வெறுமையாக விட்டு, ஒவ்வோர் இறைப்பின் பின்னும் ஈரம் எத்தனை நாள் நிற்கிறதெனப் பிள்ளை குறித்துவரட்டும். கிணற்று நீரையே நம்பிய சுண்ணக்கற் குடாநாட்டில் இக்கணக்குத் தந்தையார்க்கும் வேண்டியதே.

பாத்தியின் வரவு பிள்ளைக்கே உரியது. பயிர் வாடினால், பெரியவர்கள் இரவோடிரவாக நீர் பாய்ச்சிச் சரிசெய்தல் ஆகாது. வாடிய காரணத்தைப் பிள்ளையே ஆராய்ந்து எழுதட்டும். பெண்பிள்ளைகளையும் தவறாது சேர்த்துவிடுக. விவரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்க.