‘ஓகானிக்’ சிவப்பு வைன்: முத்திரைக்குப் பின்னால் மூன்று வருடங்கள்

உப்புவெளி விடுதியொன்றில் அண்மையில் ஒரு பிரெஞ்சு வைன் போத்தலைப் பார்த்தேன். மேர்லோ, கபர்னே சோவினியோன் என இரண்டு முந்திரிகை இனங்களின் பெயர்கள். பக்கத்தில் ‘ஓகானிக்’ முத்திரை. 2021இல் ‘சேதனப் பசளை’ என்ற சொல்லோடு விளைச்சலை இழந்த விவசாயிகள் வாழும் திருகோணமலையில் அந்த முத்திரையைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. அதற்கு உண்மையில் என்ன பொருள்?

முதலில் வைன். பெரும்பாலான கறுப்பு முந்திரிகைகளின் சாற்றுக்கு நிறமில்லை. சிவப்பு தோலிலிருந்தே வருகிறது. அதனால் நசித்த பழத்தைத் தோலோடும் விதையோடும் நொதிக்க விடுகிறார்கள். மதுவம் பழத்திலுள்ள சீனியை மதுசாரமாக மாற்றுகிறது. ஓரிரு வாரங்களில் பிழிந்து வடித்து, மாதக்கணக்கில் முதிர வைக்கிறார்கள். பெரும்பாலும் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே நொதிக்கவைத்து, சுவை பார்த்த பின்னரே கலக்கிறார்கள். கபர்னே துவர்ப்பைத் தரும். மேர்லோ அதை மென்மையாக்கும்.

ஓகானிக் தோட்டத்தில் செயற்கைப் பசளைக்கும் களைநாசினிக்கும் இடமில்லை. ஆனால் மருந்தே தெளிப்பதில்லை என்று எண்ண வேண்டாம். முந்திரிகைக்கு ஈரம் எதிரி. யாழ்ப்பாணத்தில் ‘இஸ்ரேல் புளூ’ பயிரிடுவோரைக் கேட்டால், மழையோடு வரும் பூஞ்சண நோயைப் பற்றிச் சொல்வார்கள். இந்த நோய்க்குச் செப்புக் கலவை தெளிக்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. ஆனால் 7 வருடங்களில் ஹெக்டேயருக்கு 28 கிலோ செப்புக்கு மேல் கூடாது. வைன் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைற்றுக்கும் 2012 முதல் தனி எல்லை உண்டு: இனிப்பற்ற சாதாரண சிவப்பு வைனில் லீற்றருக்கு 150 மில்லிகிராம், ஓகானிக்கில் 100. மதுசாரம் மட்டும் குறைவதில்லை. உடலுக்கு அது செய்யும் கெடுதியும் அப்படியேதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலம். இரசாயனத்தை நிறுத்திய மறுநாளே எந்த முந்திரிகைத் தோட்டமும் அந்த முத்திரையைப் பெறுவதில்லை. அறுவடைக்கு முன் குறைந்தது 3 வருட மாற்றக்காலம் தேவை. அதுவும் தோட்டக்காரர் தானாக விரும்பி எடுக்கும் முடிவு.

இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. அந்தப் போகத்தின் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. சேதன விவசாயம் தவறென்பதற்கு இது சாட்சியல்ல. ஒரு போத்தல் வைனுக்குக் கிடைத்த மூன்று வருடங்கள் எங்கள் வயல்களுக்குக் கிடைக்கவில்லை.