குப்பைச் சாம்பலில் செம்பு

செம்பு நமக்குத் தெரியாத சரக்கல்ல. பாத்திரக் கடையில் குடமாக இருக்கிறது. ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் பச்சைக் களிம்பாகப் பூக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்ற பெயரில் நீலக் கட்டியாக விலையாகிறது. மூன்றிலும் உலோகம் ஒன்றுதான். ஆனால் குடத்துத் தண்ணீரைக் குடிக்கிறோம். துத்தத்தை வாயில் வைத்தால் வாந்திதான். எதனோடு சேர்ந்து எந்த உருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம். நம் கடைக்குப் பின்னால் எரிகிற குப்பைக்கும் இதே கணக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிடங்கில் வெள்ளையடிக்கும்போது பழைய ஒயர்களைக் கழற்றிப் போட்டிருந்தோம். கடைப் பையன்கள் கம்பியை எடுப்பதற்காக அவற்றை உப்புச் சாக்கு, அட்டைப் பெட்டி, கவர்களோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். "அண்ணாச்சி, மத்தாப்பு மாதிரி பச்சையா எரியுது பாருங்க" என்று கூப்பிட்டார்கள். நாங்களும் நின்று பார்த்தோம். ஆறிய சாம்பலைத் தென்னை மரத்தடியில் கொட்டச் சொன்னதும் நாங்கள்தான். உரம் என்ற நினைப்பு!

அந்தப் பச்சை என்னவென்று வேதியியல் படித்த உறவினர் ஒருவர் பிறகு விளக்கினார். ஒயரின் மேலுறை பி.வி.சி. கலப்பில்லாத பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சாக்கில் ஒட்டிய உப்பிலும் குளோரின் உண்டு. சூட்டில் செம்பும் குளோரினும் கூடி செம்புக் குளோரைடு ஆகிறது. அதன் ஆவிதான் பச்சையாக எரிந்தது. ஒயரே இல்லாவிட்டாலும் செம்பு வந்து சேரும். கவர்களில் அச்சிடும் நீல, பச்சை மைகள் பலவற்றில் செம்பு இருக்கிறது.

செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆகவே குப்பைத் தீயில் தடித்த கம்பி கம்பியாகவே அடிச்சாம்பலில் தங்கிவிடும். அதன் மேலே கறுப்பாகப் படிவது ஆக்சைடு. வெறும் தண்ணீரில் அது அநேகமாகக் கரையாது. புளிப்புப் பட்டால்தான் கரையும். புளி போட்டு விளக்கினால் கறுத்த குடம் பளிச்சிடுவது இதனால்தான். குளோரைடோ ஆவியாகிப் புகையோடு ஏறி, ஆறும்போது பறக்கும் சாம்பலில் படிகிறது. மழை பட்டால் உப்பைப் போலக் கரைந்து மண்ணில் இறங்கும். செம்பு மிகுந்தால் வேர் கருகும், மீன்கள் தாங்காது.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டு ஓலி என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் நெதர்லாந்து நாட்டு எரியுலைகளின் பறக்கும் சாம்பலில் டையாக்சின் என்னும் நஞ்சைக் கண்டார்கள். பெரும் சூட்டில் அழிந்துபோகும் இந்த நஞ்சு, புகை ஆறி ஏறக்குறைய 300 டிகிரிக்கு வரும்போது சாம்பலின் மேலேயே மறுபடி உண்டாகிறது என்பதை 1980களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதை நடத்திவைப்பது பெரும்பாலும் செம்புக் குளோரைடு. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், அது ஒரு தரகர். குளோரினை இந்தப் பக்கம் வாங்கி, எரியாத கரித்துகளுக்குக் கொடுக்கும். மீண்டும் புகையிலிருந்து வாங்கும். தன் கைமுதல் குறைவதேயில்லை. அதனால் சிறிதளவு செம்பே போதும்.

டையாக்சின் வகைகளில் மிகக் கொடியதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997ல் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என வகைப்படுத்தியது. இது கொழுப்பில் தங்கும் நஞ்சு. சாம்பலைக் கிளறும் கோழியின் முட்டையிலும், புகை படிந்த புல்லைத் தின்னும் மாட்டின் பாலிலும் ஏறும். அவை நாமே விற்கும் சரக்கல்லவா?

ஐரோப்பிய உலைகளில் புகையை 850 டிகிரியில் இரண்டு விநாடியாவது நிறுத்த வேண்டும் என்பது சட்டம். பிறகு வேகமாக ஆறவைத்து, சாம்பலை வடிகட்டிப் பிடிக்கிறார்கள். தெருவோரத் தீயில் இவை எதுவும் கிடையாது. புகைந்து புகைந்து எரியும் அது டையாக்சினுக்குத் தோதான சூட்டில்தான் நெடுநேரம் இருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டதும் நினைவிருக்கலாம்.

இப்போது எங்கள் கிடங்கில் பழைய ஒயரை உறையோடு எடைக்குப் போட்டுவிடுகிறோம். வாங்குகிறவரும் கொளுத்தினால் புகை இடம் மாறியதுதான் மிச்சம் என்பதால், இயந்திரத்தில் உரிப்பவராகப் பார்த்துக் கொடுக்கிறோம். கொளுத்திக் கறுத்த கம்பிக்கு விலையும் மட்டம்தான்.

தென்னை மரத்தடிச் சாம்பலை அள்ளிவிடச் சொல்லி ஆள் அனுப்பினோம். அதற்குள் இரண்டு மழை பெய்து முடிந்திருந்தது.