கருங்கல் பதிக்கும் முன் போட வேண்டிய கேபிள்

நமது ஆலயத் திருப்பணிச் செலவுத் திட்டத்தில் ‘தரையடிக் குழாய்களும் கேபிளும்’ என்று ஒரு வரி இருப்பதைக் கண்டு அன்பர்கள் சிலர் என்னிடம் விளக்கம் கேட்டனர். கோபுரம், விமானம், கொடிமரம் என்றால் உபயம் தரப் பலர் முன்வருவர். மண்ணுக்குள் மறையும் குழாயில் யார் பெயரைப் பொறிப்பது? கேள்வி நியாயமானதே. செயலவையில் இப்பணியைக் கவனிப்பவன் என்ற முறையில் விளக்க முற்படுகிறேன்.

இன்று அர்ச்சனைச் சீட்டு கணினியில் பதிவாகிறது. உபயத் தொகையைப் பலர் கைத்தொலைபேசி வழியே செலுத்துகின்றனர். உண்டியலுக்கும் வாசலுக்கும் கண்காணிப்புக் கேமரா வேண்டும். இவற்றின் கேபிள்கள் யாவும் அலுவலகத்திலுள்ள ஒரு பெட்டிக்கு வந்து சேரும். அதற்குச் ‘சுவிட்ச்’ என்று பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் அன்று. பெட்டி பழுதானால் மறுநாளே வேறு வாங்கலாம். தரைக்கடியில் போகும் கேபிளை அப்படி மாற்ற இயலாது.

குடமுழுக்கு நடந்தேறிய பின் மகாமண்டபத் தூணில் துளையிட எந்தச் சிவாச்சாரியார் சம்மதிப்பார்? அவர் சம்மதித்தாலும் நம் மனம் ஒப்புமா? அடுத்த திருப்பணிக்கு 12 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பாலாலயம் செய்து, பழைய தரையைப் பெயர்த்து, புதிய கருங்கல் பதிக்காதிருக்கும் இடைக்காலமே குழாய் புதைக்க ஏற்ற காலம். கருவறைக்குள் எந்தக் கேபிளும் செல்லாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை அளவெடுப்பது. செப்புக் கேபிளில் செய்தி செல்லச் செல்ல வலுவிழக்கும். ஆகவே ஓர் இணைப்பு மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அலுவலகத்திலிருந்து இராஜகோபுர வாசல் நடந்து போனால் 70 மீட்டர்தான். கேபிளோ சுவரேறி, கூரையோரம் வளைந்து, மறுபடி இறங்குகிறது. அப்படிக் கணக்கிட்டால் 100-ஐ நெருங்கிவிடுகிறது! வரைபடத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. நாடாவைப் பிடித்துக்கொண்டு கேபிள் செல்லும் வழியிலேயே செல்ல வேண்டும்.

கேபிளுக்குள் 8 மெல்லிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு 4 இணைகளாக இருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இடையூறு ஓர் இணையின் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கிக் கழிந்துபோவதற்கே அந்த முறுக்கு. அதற்காக மின்சாரக் கம்பியோடு ஒரே குழாயில் இழுத்துவிடக் கூடாது. தனித்தனிக் குழாய் வேண்டும்; இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று செங்குத்தாகக் கடக்க வேண்டும். குத்தகையாளர்கள் சிக்கனம் என்று சொல்லி இதில்தான் கை வைப்பார்கள்.

கேமராவுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் முறை 2003-இல் தரநிலையாக்கப்பட்டது. அதன்படி சுவிட்சின் ஒரு துளையிலிருந்து 15.4 வாட் வரை கிடைக்கும். கோபுர உச்சிக்குத் தனி மின்கம்பி தேவையில்லை. ஆனால் எத்தனை கேமரா, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட் என்று கூட்டிப் பார்த்த பிறகே சுவிட்சை வாங்க வேண்டும்.

கல்யாண மண்டபம் தனிக் கட்டடம். நம் நாட்டில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. இரு கட்டடங்களுக்கிடையே செப்பு ஓடினால் மின்னலின் பாய்ச்சல் அதன் வழியே புகுந்து இருபுறக் கருவிகளையும் கெடுக்கக்கூடும். அங்கு மட்டும் கண்ணாடி இழைக் கேபிள் போடுகிறோம். இழையில் மின்சாரம் பாயாது. தூரமும் அதற்குத் தடையில்லை.

மடைப்பள்ளிப் பக்கம் எண்ணெய்ப் புகை. அபிஷேகத் தீர்த்தம் வழியும் இடத்தில் ஈரம். எனவே பெட்டிக்கு அலுவலக மேல்தட்டைத் தேர்ந்தோம். குழாய்களில் பாதிக்கு மேல் இடத்தைக் காலியாக விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நைலான் கயிற்றையும் போட்டுவைக்கிறோம். பின்னாளில் புதிய கேபிளைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கல்லைத் தொட வேண்டியதில்லை. கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண் எழுதப்படும்.

வரைபடம் ஆலய அலுவலகத்தில் உள்ளது. மின்துறையில் அனுபவமுள்ள அன்பர்கள் கருங்கல் வேலை தொடங்குமுன் வந்து பார்த்து, குறையிருந்தால் கூற வேண்டுகிறேன்.