வயிற்றைக் கழுவும் நீருக்கு எவ்வளவு சூடு?

குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டால், அழுகிய பகுதியை வெட்டி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. பல மருத்துவர்கள் லிட்டர் கணக்கில் சலைன் ஊற்றி, குடல் மடிப்புகளை அலசி, உறிஞ்சி எடுக்கிறார்கள். 0.9 சதவீத உப்பு நீர், அவ்வளவுதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டரின் குளிரில் இருந்த பாட்டில் ஏறக்குறைய 20 டிகிரியில் இருக்கும். உடலின் உள்சூடோ 37.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீர் 20லிருந்து 37க்கு ஏற 17 கிலோகலோரி வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் 58 கிலோகலோரி இழந்தால் அவர் உடல் மொத்தமும் ஒரு டிகிரி குளிரும். முழுதாகச் சூடேறும் முன்பே நீரை உறிஞ்சிவிடுவதால் உண்மையான இழப்பு குறைவுதான். ஆனாலும் மயக்க மருந்தில் இருப்பவரால் நடுங்கிச் சூடு உண்டாக்கவும் முடியாதே!

உடல் குளிர்ந்தால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தையல் போட்ட இடத்துக்கு ஆக்சிஜன் குறைகிறது. கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்களுக்கும், காயத்தை மூடும் கொலாஜனுக்கும் அந்த ஆக்சிஜன்தான் மூலதனம். பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. உடல் சூட்டைக் காத்தவர்களில் 6 சதவீதத்தினருக்கும், குளிர்ந்துபோனவர்களில் 19 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று வந்தது. அந்த ஆய்வு கழுவும் நீரைப் பற்றியதல்ல. ரத்தக்குழாயில் ஏற்றும் திரவத்தாலும் வெப்பக் காற்றாலும் சூடேற்றிப் பார்த்தார்கள். ஆனால் குளிர்ந்த உடல் என்ன விலை கொடுக்கிறது என்பது அதில் தெரிந்துவிட்டது.

அப்படியானால் நன்றாகச் சூடாக்கி ஊற்றலாமே? அங்கேதான் சிக்கல். குடலைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியத்தின் மேற்பரப்பு ஒரே ஒரு செல் தடிமன். அது புண்பட்டால் ஃபைப்ரின் என்ற பசை கசியும். சில நாட்களில் அது கரையாவிட்டால், அதன்மேல் நார்த்திசு வளர்ந்து குடலோடு குடல் ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டுகள் கழித்துக் குடலடைப்பு வருவதற்கும் இது காரணமாகலாம். உடல் சூட்டைத் தாண்டிய சலைன் இத்தகைய ஒட்டல்களைக் கூட்டுவதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த சலைன் குறைத்ததாகவும் முடிவுகள் உண்டு. வயிற்றுக்கு இதமானது உடலுக்கு ஆகாது என்ற இந்த இழுபறியில், எலியின் வயிற்றை வைத்து மனிதருக்குக் குளிர்நீர் ஊற்ற நான் துணியமாட்டேன்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு, கழுவும் நீரை வெப்பக்கட்டுப்பாடுள்ள பெட்டியில் 38 முதல் 40 டிகிரி வரை சூடாக்கச் சொல்கிறது. கையுறைக்குள் இருக்கும் விரலால் தொட்டுப் பார்த்து இதை அளக்க முடியாது. கிண்ணத்தில் ஊற்றி வைத்தாலும் நிமிடத்துக்கு நிமிடம் சூடு இறங்கும் என்பதால், கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதே நல்லது.