பழைய டிராக் காரை அளவு பிசகாமல் மாடலாகச் செய்வது

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1990-இல் அங்கே திறக்கப்பட்ட பந்தயத் தடத்தில் பைக் டிராக் பந்தயம் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு வண்டிகள், ஒரு நேர்கோடு, கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். முதலில் எல்லையைத் தொடுபவருக்கு வெற்றி. அமெரிக்காவில் 1951-இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம் இதற்கு விதிமுறை வகுத்து ஒழுங்குபடுத்தியது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கே ஓடிய கார்களின் கிட்டுகளை மாடல் செய்பவர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி முடிப்பது எளிது. உண்மைக் காரோடு அளவிலும் விவரத்திலும் ஒத்துப்போகும்படி செய்வதற்குத்தான் பொறுமையும் கொஞ்சம் விஷய ஞானமும் வேண்டும்.

எந்தக் கார் என்று முடிவு செய்தால் போதாது. எந்தத் தேதியின் கார் என்றும் முடிவு செய்யவேண்டும். டிராக் கார் இந்த வாரம் இருந்தபடி அடுத்த வாரம் இருக்காது. இன்ஜின் வெடித்தால் வேறு இன்ஜின் ஏறும், ஸ்பான்சர் மாறினால் பெயின்டே மாறும். சில நேரம் காரின் அமைப்பே தலைகீழாகிவிடும். அமெரிக்க டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் கதை அப்படித்தான். டிராக்ஸ்டர் எனப்படும் அன்றைய நீளமான டிராக் கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கும். ஓட்டுபவர் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பார். 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் கார்லிட்ஸின் கால்களுக்கு நடுவே இருந்த டிரான்ஸ்மிஷன் வெடித்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. மறு ஆண்டு அவர் இன்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த காரோடு வந்து ஜெயித்தார். சில ஆண்டுகளுக்குள் முன்-இன்ஜின் டிராக்ஸ்டர்கள் பெரிய பந்தயங்களிலிருந்து மறைந்தே போயின. ஆகவே வெறுமனே ‘கார்லிட்ஸ் கார்’ என்று சொன்னால் ஒரு அளவும் கிடைக்காது. 1969-ஆ, 1971-ஆ என்று தெரிந்தால்தான் பிளேடையே கையில் எடுக்கலாம். படங்கள் சேர்க்கும்போதும் ஒரே பந்தயத்தில், முடிந்தால் ஒரே நாளில் எடுத்த படங்களாகப் பாருங்கள். மியூசியத்தில் புதுப்பித்து வைத்திருக்கும் காரை அப்படியே நம்பவேண்டாம்; அதில் பிற்காலப் பாகங்கள் கலந்திருக்கலாம்.

அடுத்தது அளவு. அமெரிக்க கார் கம்பெனிகளின் ஷோரூம்களுக்காக ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்கள் செய்த விளம்பர மாடல்கள் 1/25 அளவில் இருந்தன. அதே வழக்கம் கிட்டுகளுக்கும் வந்தது. மோனோகிராம் கம்பெனியின் கார்கள் பெரும்பாலும் 1/24. ஒன்றில்தானே வித்தியாசம் என்று தோன்றும். நம் ஊர் வண்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டலூர் ஆலையில் 1961-லிருந்து தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,324 மி.மீ. இது 1/25-இல் 93 மி.மீ.; 1/24-இல் கிட்டத்தட்ட 97 மி.மீ. நான்கு மில்லிமீட்டர் பிசகு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஒரு கிட்டின் இன்ஜினை எடுத்து இன்னொரு கிட்டில் பொருத்த நினைப்பவர்கள் முதலில் வெர்னியரை எடுக்கட்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோல்டிங் மெஷினோடு பழகியவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். கிட் என்பது பாலிஸ்டைரீனில் வார்த்த இன்ஜெக்‌ஷன் மோல்டிங்தான். ரன்னரில் தொங்கும் பாகங்களைத் திருகிப் பிய்க்காமல் கட்டரால் வெட்ட வேண்டும். மோல்டின் இரு பாதிகள் சேரும் பார்ட்டிங் கோட்டைப் பிளேடின் முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். டிராக்ஸ்டரில் இது மிக முக்கியம். காரின் சேஸி முழுக்க எஃகுக் குழாய். நிஜக் குழாயில் அப்படி ஒரு கோடு கிடையாது. எஜெக்டர் பின் பதிந்த வட்டம், சிங்க் மார்க் இரண்டையும் பட்டி வைத்து, 400-லிருந்து 1000 வரை வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

இன்ஜின்தான் இந்தக் கார்களின் முகம். கிரைஸ்லரின் ஹெமி இன்ஜினில் பழையது 392 கன அங்குலம். 1964-இல் வந்தது 426. இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அடையாளம் காண ஒரு வழி உண்டு: பொதுவாக 392-இல் டிஸ்ட்ரிபியூட்டரோ மேக்னெட்டோவோ இன்ஜினின் பின்பக்கம் இருக்கும், 426-இல் முன்பக்கம். அதிலிருந்து எட்டு பிளக்குகளுக்கும் எட்டு ஒயர் போகும். கிட்டில் ஒயர் தரமாட்டார்கள், நாமே போடவேண்டும். நிஜத்தில் 7 மி.மீ. தடிமன் என்றால் 1/25-இல் 0.28 மி.மீ. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 31 அல்லது 32 கேஜ் எனாமல் ஒயர் ஒரு துண்டு கேளுங்கள். அளவு ஏறக்குறைய அதேதான். அரை மி.மீ. ஒயர் போட்டால் நிஜக் காரில் 12 மி.மீ. குழாய் ஓடுவதுபோல் இருக்கும். நல்ல மாடல்கள் பலவும் கெடுவது இந்த ஒரு இடத்தில்தான். ஒயரைப் பிளக்கோடு சேர்க்க 0.3 மி.மீ. டிரில் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி விரலால் சுழற்றித் துளை போடுங்கள். மெஷினில் போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடும்.

குரோம் பூசிய பாகங்களை அப்படியே ஒட்டாதீர்கள். அந்தக் கார்களில் பளபளத்தவற்றுள் பல பாலிஷ் போட்ட அலுமினியமும் மெக்னீசியமும்தான். வீட்டில் இருக்கும் பிளீச்சில் ஊறவைத்தால் கிட்டின் குரோம் கழன்றுவிடும். பிறகு அலுமினிய நிறம் அடிக்கலாம். டயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய கிட்டுகளின் வினைல் டயரிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர், தொட்டுக்கொண்டிருக்கும் ரிம்மை மெதுவாகக் கரைத்துவிடும். நம் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோகத் தாள் வையுங்கள்.

பெயின்டில் சென்னைக்காரர்களுக்குத் தனிக் கஷ்டம் உண்டு. டூகோ அடிப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: மழைக்காலத்தில் அடித்தால் மேலே வெள்ளை பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டும் வேலையைப் பாருங்கள். ஸ்பிரே வேலையை மாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். டூகோ தின்னர் பாலிஸ்டைரீனையும் கரைக்கும். பிரைமரை மூன்று நான்கு மெல்லிய கோட்டாக அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததுக்குப் போங்கள்.

இத்தனையும் அமெரிக்கக் கார்களைப் பற்றி. ஆனால் நம் கார்கள் இருக்கின்றனவே! செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் எண்பதுகளின் இறுதிவரை பந்தயம் நடத்தியது. கோவை கரிவரதன் போன்றவர்கள் சொந்தமாகக் கட்டிய ‘ஸ்பெஷல்’ கார்கள் அங்கே ஓடின. இவற்றுக்குப் பெட்டிக் கிட் கிடையாது. எல்லாம் ஷீட் பிளாஸ்டிக்கை வெட்டிச் செய்யவேண்டியவை. பழைய போட்டோ ஒன்று இருந்தால் போதும், ஆரம்பிக்கலாம். நேர்ப் பக்கவாட்டில் எடுத்த ஹெரால்டு படத்தில் அச்சுக்கு அச்சு 83 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடிச் சட்டத்தின் நீளத்தை மாற்றாத வண்டியானால், படத்தின் ஒரு மி.மீ. நிஜத்தில் 28 மி.மீ. ரோல் பார் படத்தில் 11 மி.மீ. உயரம் என்றால் நிஜத்தில் 308; 1/25 மாடலில் 12.3.

ஆகவே ஒரு வேண்டுகோள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அன்று சோழவரத்துக்குப் போய்ப் பந்தயம் பார்த்தவர்கள், பிட்டில் வேலை செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் அந்தப் படங்கள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பின்புறம் ஆண்டு, காரின் எண், நிறம், ஓட்டியவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. அதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.