ஓட்டுப் போட ஒரு பரீட்சை

ஓட்டுப் போடப் பரீட்சை எழுத வேண்டுமா? அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு உண்டு. தெரியாவிட்டால் ஓட்டு இல்லை.

"படித்தவர்கள் ஓட்டுப் போட்டால் நல்லதுதானே?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் அந்தச் சட்டம் ஏன் வந்தது? யாரைத் தடுக்க வந்தது? அதைத் தெரிந்துகொண்டால் உண்மை புரியும்.

அடிமைகளாக வந்தவர்கள்

அமெரிக்காவில் பூர்வகுடி மக்கள் முதலில் வாழ்ந்தார்கள். பிறகு ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் போய்க் குடியேறினார்கள். கருப்பின மக்கள் தாமாகப் போகவில்லை. ஆப்பிரிக்காவில் அவர்களைப் பிடித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டு போனார்கள். ஆடு மாடுகளைப் போல விற்றார்கள். பருத்திக் காட்டிலும் நெல் வயலிலும் கூலி இல்லாமல் வேலை வாங்கினார்கள்.

அடிமைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டம் இருந்தது. ஏன் தெரியுமா? அடிமை வெளியே போக முதலாளி எழுதிய சீட்டு வேண்டும். எழுதத் தெரிந்தால் அந்தச் சீட்டை அவரே எழுதிக்கொண்டு தப்பிவிடலாம் அல்லவா?

1865ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. 1868இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்காவில் பிறந்த கருப்பின மக்களும் அமெரிக்கக் குடிமக்களே என்று ஆயிற்று. இனம், நிறம் பார்த்து ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870இல் இன்னொரு திருத்தம் வந்தது. அப்போது தென் மாநிலங்களில் ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. கருப்பின ஆண்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் சிலர் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள்.

நிறத்தைச் சொல்லாத சட்டம்

இது வெள்ளைக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கர் என்றால் வெள்ளைக்காரர்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். நேற்று வரை நம் காட்டில் உழைத்தவன் இன்று நமக்குச் சமமா என்று ஆத்திரப்பட்டார்கள். ஓட்டுப் போனால் ஆட்சியும் போய்விடும் என்று பயந்தார்கள்.

ஆனால் நிறத்தைச் சொல்லி ஓட்டை மறுக்க முடியாது. அதனால் நிறத்தைச் சொல்லாமல் மறுக்க வழி தேடினார்கள். 1890 முதல் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் புதுச் சட்டம் போட்டன. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும் என்றார்கள். எழுத்தறிவுப் பரீட்சையில் தேற வேண்டும் என்றார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளைக்காரர்களும் இருந்தார்களே, அவர்கள் என்ன செய்வது? லூயிசியானா மாநிலம் 1898இல் அதற்கும் ஒரு வழி செய்தது. 1867ஆம் ஆண்டுக்கு முன் ஒருவருடைய அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டுரிமை இருந்ததா? அப்படியானால் அவருக்குப் பரீட்சை கிடையாது. அந்தக் காலத்தில் கருப்பின மக்களுக்கு அங்கே ஓட்டே இல்லை. ஆகவே பரீட்சை அவர்களுக்கு மட்டும்தான் என்று ஆனது. இந்தத் தாத்தா விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1915இல் சொன்னது. பரீட்சை மட்டும் நீடித்தது.

இதனால் என்ன நடந்தது? லூயிசியானாவில் 1896இல் ஓட்டர் பட்டியலில் இருந்த கருப்பின மக்கள் 1,30,000 பேருக்கு மேல். 1904இல் இருந்தவர்கள் சுமார் 1,300 பேர்தான்.

பரீட்சை எப்படி நடந்தது?

பட்டியலில் பெயர் சேர்க்கும் அதிகாரி வெள்ளைக்காரர். அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டி, "படி, பொருள் சொல்" என்பார். வெள்ளைக்காரர் வந்தால் சுலபமான பகுதியைக் கொடுக்கலாம். கருப்பினத்தவர் வந்தால் வக்கீலுக்கே குழப்பம் தரும் பகுதியைக் கொடுக்கலாம். பாஸா, பெயிலா என்பது அதிகாரியின் விருப்பம். படித்துப் பட்டம் வாங்கிய கருப்பின ஆசிரியர்களைக்கூட பெயில் ஆக்கினார்கள்.

பரீட்சைக்குப் போவதே ஆபத்தாக இருந்தது. ஃபேனி லூ ஹேமர் என்ற பெண் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்திப் பண்ணையில் 18 ஆண்டுகள் வேலை செய்தவர். 1962 ஆகஸ்டில் பெயர் சேர்க்கப் போனார். பரீட்சையில் தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவே பண்ணை முதலாளி அவரை வீட்டை விட்டுத் துரத்தினார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. கருப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள். அவற்றுக்கு அரசு கொடுத்த பணம் மிகக் குறைவு. நல்ல கட்டடம் இல்லை, போதிய புத்தகம் இல்லை. படிக்க வழி இல்லாமல் செய்தவர்களே, படிக்கவில்லை என்று சொல்லி ஓட்டையும் மறுத்தார்கள்.

கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்று ஒரு ஊர். அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பஸ் ஓட்டினார். தீவில் இருந்தவர்களை நகரத்துக்கு வேலைக்கு அழைத்துப் போவார். பஸ்ஸிலேயே அரசியல் சட்டப் பகுதியைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பெண் அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. உண்மையாகவே படிக்கக் கற்க வேண்டும் என்று கேட்டார்.

அப்போது செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை உதவிக்கு வந்தார். அவருடைய அப்பா அடிமையாகப் பிறந்தவர். கருப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் இருந்தார் என்பதற்காக 1956இல் அவர் வேலையை இழந்திருந்தார்.

1957 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. முன்னால் மளிகைக் கடை, பின்னால் வகுப்பு. வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்து பிழைத்தவர். சொந்தத் தொழில் என்பதால் அவரை வேலையை விட்டு நீக்க யாராலும் முடியாது.

அவர் முதலில் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. "உங்களுக்கு என்ன கற்க வேண்டும்?" என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும் என்றார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்றார்கள். பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதி, அதன் மேல் விரலும் பென்சிலும் ஓட்டிப் பழகினார்கள். பிறகு பெயர் சேர்க்கும் பாரமும் அரசியல் சட்டமும் படித்தார்கள். பரீட்சைக்குப் போய்ப் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். இதைப் பார்த்துப் பக்கத்து ஊர்களும் வகுப்பு கேட்டன. சில ஆண்டுகளில் தென் மாநிலங்கள் எங்கும் இப்படி வகுப்புகள் நடந்தன.

பரீட்சை ஒழிந்தது

ஆனாலும் அநியாயப் பரீட்சையைப் படிப்பால் மட்டும் வெல்ல முடியவில்லை. பெயிலாக்க நினைக்கும் அதிகாரி பெயிலாக்கத்தான் செய்வார். ஆகவே மக்கள் வீதிக்கு வந்தார்கள். 1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தில் செல்மா நகரத்தில் ஊர்வலம் போனார்கள். பாலத்தைத் தாண்டியதும் போலீசார் தடியால் அடித்தார்கள். கண்ணீர்ப் புகை வீசினார்கள். ஜான் லூயிஸ் என்ற இளைஞரின் மண்டை உடைந்தது. டெலிவிஷனில் இதைப் பார்த்து நாடே கொதித்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. தென் மாநிலங்களில் பரீட்சையை நிறுத்தியது. மிசிசிப்பியில் அதற்கு முன் 100 கருப்பினத்தவரில் சுமார் 7 பேர் பெயர்தான் பட்டியலில் இருந்தது. 1967இல் சுமார் 60 பேர் பெயர் ஏறியது. அடி வாங்கிய ஜான் லூயிஸ் 1987 முதல் 2020இல் இறக்கும் வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2008இல் பராக் ஒபாமா என்ற கருப்பினத்தவரை மக்கள் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சண்டை அத்தோடு முடியவில்லை. சில மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்று 1965 சட்டம் சொன்னது. எந்த மாநிலங்கள் என்று முடிவு செய்த பகுதியை உச்ச நீதிமன்றம் 2013இல் நீக்கிவிட்டது. ஓட்டுப் போட என்ன அடையாள அட்டை வேண்டும் என்பதில் அங்கே இன்றும் கட்சிகளுக்குள் தகராறுதான்.

நம் நாட்டில் 1950இல் அரசியல் சட்டம் வந்தபோதே வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. அப்போது மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் யாருக்கும் பரீட்சை வைக்கவில்லை. சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். இங்கே ஓட்டுரிமைக்குப் படிப்பு நிபந்தனை இல்லை. ஆனால் பட்டியலில் நம் பெயர் சரியாக இருக்கிறதா என்று நாமே பார்க்கப் படிப்பு உதவும்.

பேசிப் பாருங்கள்

1. எழுத்தறிவுப் பரீட்சை எல்லோருக்கும் பொது என்று சட்டம் சொன்னது. அது உண்மையில் பொதுவாக இருந்ததா?

2. ஜான்ஸ் தீவு மக்கள் முதலில் என்னென்ன கற்க விரும்பினார்கள்? நீங்கள் எதற்காகப் படிக்க வந்தீர்கள்?

3. உங்கள் ஊர் ஓட்டர் பட்டியலில் உங்கள் பெயரை நீங்களே படித்துப் பார்த்திருக்கிறீர்களா?