யானைச் சின்னம் பொறித்த ருஷ்யப் பிரபு வம்சம்

ஐரோப்பியப் பிரபுக்கள் தங்கள் குலச் சின்னத்தில் கழுகு, சிங்கம் முதலியவற்றைப் பொறித்துக் கொள்வது வழக்கம். ஆனால் ருஷ்யாவின் ஹன்னிபால் வம்சத்து முத்திரையில் கிரீடத்தின் கீழே ஒரு யானை நிற்கிறது! அத்துடன் "ஃபும்மோ" என்று படிக்கத்தக்க ஐந்து லத்தீன் எழுத்துக்களும் உள்ளன. பனி கொட்டும் ருஷ்யாவுக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்?

அடிமைச் சிறுவன்

இவ்வம்சத்தின் மூல புருஷர் ஆப்ராம் ஹன்னிபால். 1696-ஆம் ஆண்டை ஒட்டி ஆப்பிரிக்காவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து 1704 வாக்கில் ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டரிடம் கொண்டுவரப்பட்டார். 1705-ல் வில்னா நகரில் சிறுவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஞானத் தந்தையாக நின்றவர் சக்கரவர்த்தியே!

1717-ல் பீட்டருடன் பிரான்சுக்குச் சென்ற அவர், அங்கேயே தங்கிப் பொறியியலும் கோட்டை கட்டும் கலையும் பயின்றார். 1723-ல் பெரியதொரு புத்தகக் குவியலுடன் ருஷ்யா திரும்பினார். பிற்காலத்தில், கார்தேஜ் நாட்டு மாவீரன் ஹன்னிபாலின் பெயரைத் தம் குடும்பப் பெயராக்கிக் கொண்டார்.

சைபீரியாவில்

1725-ல் பீட்டர் காலமானார். ஆதரவு போயிற்று. 1727-ல், அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்த மென்ஷிகோவ், அவரைச் சைபீரியாவுக்கு அனுப்பி வைத்தார். சீன எல்லையருகே, செலெங்கின்ஸ்க் வரை போக நேர்ந்தது.

பீட்டரின் மகள் எலிசபெத் 1741-ல் அரியணை ஏறியதும் காலம் மாறிற்று. மறு ஆண்டே ஹன்னிபால் மேஜர் ஜெனரலாகி, ரேவல் நகரின் தளபதியானார். அந்நகரே இன்றைய டாலின். அரசியார் அளித்த நிலங்களில் மிகைலோவ்ஸ்கோயே பண்ணையும் ஒன்று. அடிமையாக வந்தவர், நூற்றுக்கணக்கான பண்ணையடிமைகளுக்கு எஜமானரானார் என்பதும் சரித்திரத்தின் விசித்திரமே.

விண்ணப்பம்

பதவியும் நிலமும் வந்துவிட்டன, குலம்? 1742-ல் அவர் அரசியாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தாம் ஆப்பிரிக்க உயர்குடியில் பிறந்தவர் என்றும், தம் தந்தை ஆண்ட லகோன் என்ற ஊரே தமது பிறப்பிடம் என்றும் கூறி, பிரபுப் பட்டயமும் குலச் சின்னமும் கோரினார்.

அந்த லகோன் எங்கே? அபிசீனியப் பகுதி என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1990-களில் பெனின் நாட்டு ஆராய்ச்சியாளர் நியமங்கூ, அது இன்றைய காமரூன் நாட்டிலுள்ள லோகோன்-பிர்னி என வாதித்தார். அப்பகுதியின் கொடோகோ மொழியில் "ஃபும்மோ" என்றால் "தாயகம்" என்பது அவர் விளக்கம். "விதி என் வாழ்வை அடியோடு மாற்றிற்று" என்னும் லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துக்களே அவை என்பாரும் உண்டு.

கொள்ளுப் பேரன்

ஹன்னிபால் 1781-ல் மறைந்தார். மூத்த மகன் இவான், கெர்சன் நகரை நிர்மாணித்தவர். மற்றொரு மகன் ஓசிப்பின் பேரன்தான் ருஷ்யாவின் மகாகவி புஷ்கின்!

1830-ல் பத்திரிகையாசிரியர் புல்காரின், ஒரு கப்பல் தலைவன் ஒரு புட்டி ரம்முக்கு வாங்கிய ஆளின் சந்ததி என்று கவிஞரை மறைமுகமாக ஏளனம் செய்தார். புஷ்கின் கவிதையிலேயே பதிலடி கொடுத்தார்: அந்தக் கப்பல் தலைவன், ருஷ்யா என்னும் கப்பலைச் செலுத்திய பீட்டர், வாங்கப்பட்டவரோ அவரது அடிமையல்ல, அந்தரங்கத் தோழர்!

அவமதித்தவர்களுக்குக் கொள்ளுப் பேரன் எழுத்தால் விடை சொன்னார். அதற்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, தமக்கும் ஒரு நாடு உண்டு, ஒரு குலம் உண்டு என்று முப்பாட்டனார் விண்ணப்பித்திருந்தார். அதற்குச் சாட்சியாகவே அந்த யானை இன்றும் நிற்கிறது.